ஊர் கூடி எழுப்பிய அரங்கு

சிங்கப்பூரின் ரிவர் வேலி சாலையும் கிளமென்சியூ அவென்யூவும் சந்திக்கும் இடத்தருகே, ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், இன்று மரங்களும் புல்வெளியும் மட்டுமே தென்படுகின்றன. தைப்பூச நாளில் காவடி சுமந்து தேங் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்தை நோக்கி வரும் பல்லாயிரம் தமிழர்கள் அவ்விடத்திற்கு மிக அருகில் நடந்து செல்கின்றனர். அவர்களுள் இளையோரைக் கேட்டால், அங்கே ஒரு காலத்தில் 3,420 பேர் அமரக்கூடிய மாபெரும் கலையரங்கம் ஒன்று இருந்தது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அதுவே சிங்கப்பூர்த் தேசிய அரங்கு. 1963இல் திறக்கப்பட்டு, 1984இல் மூடப்பட்டு, 1986இல் இடிக்கப்பட்டது. மொத்தம் இருபத்து மூன்று ஆண்டுகளே அது நின்றது.

பழங்காலத்து அரண்மனையோ கோட்டையோ அழிந்துபோவது வரலாற்றில் புதிதன்று. ஆனால், மக்கள் தம் கையிலிருந்து வெள்ளி கொடுத்து எழுப்பிய ஒரு கட்டடம், கொடுத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே இல்லாமற்போனது எண்ணிப் பார்க்கத்தக்கது. அது ஏன் எழுந்தது, எவ்வாறு தளர்ந்தது, ஏன் வீழ்ந்தது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்

1959ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. முழு விடுதலை அன்று. தற்காப்பும் வெளியுறவும் பிரிட்டிஷாரிடமே இருந்தன. ஆயினும், உள்நாட்டு நிர்வாகம் முதன்முறையாக மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையின் கைக்கு வந்தது. அந்த அமைச்சரவையில் பண்பாட்டு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த அவர், பின்னாளில் நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார்.

அவருடைய அமைச்சின் முன்னிருந்த பணி எளிதானதன்று. சீனர் சீன நாடகத்தைப் பார்த்தனர்; மலாய்க்காரர் பங்சாவானை ரசித்தனர்; தமிழர் தங்கள் நாடகங்களையும் நாட்டியங்களையும் தங்களுக்குள் நடத்திக்கொண்டனர். ஒரே தீவில் வாழ்ந்தும் ஒருவர் கலையை மற்றவர் அறியாத நிலை. இதனை மாற்ற எண்ணி, 1959 ஆகஸ்ட் 2ஆம் நாள் பூமலையில் ‘அனேகா ராகம் ராக்யாட்’ என்னும் மக்கள் பல்சுவை நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. பல்வேறு இனத்தாரின் ஆடல் பாடல்கள் ஒரே மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக அரங்கேறின. பரதநாட்டியத்தைச் சீன முதியவரும், மலாய் நடனத்தைத் தமிழ்க் குழந்தைகளும் அருகருகே அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு அங்கே கிட்டியது.

இத்தகைய கூட்டத்திற்கு நிலையான ஓர் இடம் தேவைப்பட்டது. அன்றிருந்த விக்டோரியா அரங்கு, குடியேற்ற ஆட்சியினர் தமக்கெனக் கட்டிய நகர மண்டபத்திலிருந்து உருவானது, இடமும் குறைவு. நியூ வோர்ல்டு, கிரேட் வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு என்னும் மூன்று கேளிக்கைப் பூங்காக்களில் மக்கள் திரண்டனர் என்றாலும், அவை வணிக நிறுவனங்கள். நாட்டுக்கென்று ஒரு மேடை வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறே உருப்பெற்றது.

அரசாங்கம் தன் கருவூலத்திலிருந்தே கட்டி முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், ‘ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்’ என்னும் திட்டத்தை முன்வைத்தது. ஒரு வெள்ளி கொடுத்தவர் அரங்கின் ஒரு செங்கல்லைத் தமது பங்காகக் கருதிக்கொள்ளலாம். அரங்கைக் கட்டி முடிக்க ஏறத்தாழ 22 இலட்சம் வெள்ளி செலவாயிற்று. அதில் ஒரு பகுதி இவ்வாறு மக்கள் கொடுத்த பணம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நம் முன்னோர் கூறுவதன் பொருளை அந்நாளைய சிங்கப்பூர் கண்முன் காட்டிற்று. தேரை இழுக்க வடத்தைத் தொட்டவர் எவரும், ‘இது எங்கள் தேர்’ என்று சொல்லும் உரிமையைப் பெறுகிறார். ஒரு வெள்ளி கொடுத்தவருக்கும் அவ்வுரிமை கிட்டியது.

கொடியைக் கட்டடமாக்கிய கலைஞர்

அரங்கை வடிவமைத்தவர் ஆல்ஃபிரட் வோங் என்னும் கட்டடக் கலைஞர். அவருடைய வடிவமைப்பில் இரண்டு சிறப்புகள் இருந்தன.

முதலாவது, அதன் முகப்பு. வைர வடிவில் நிமிர்ந்து நின்ற ஐந்து பகுதிகள் அதில் இருந்தன. அதன் முன்னே பிறை வடிவில் நீரூற்று அமைந்தது. ஐந்து கூர்களும் ஒரு பிறையும் எதனைக் குறிக்கின்றன என்பதை எவரும் கேட்டறியத் தேவையில்லை. 1959 டிசம்பரில் ஏற்றப்பட்ட சிங்கப்பூர்க் கொடியின் ஐந்து விண்மீன்களும் பிறையும் அங்கே கல்லிலும் நீரிலும் எழுந்து நின்றன.

இரண்டாவது, அதன் கூரை. அரங்கிற்குப் பக்கச் சுவர்களும் இல்லை, பின்சுவரும் இல்லை. ஏறத்தாழ 150 டன் எடையுள்ள எஃகுக் கூரை, குன்றின் சரிவை நோக்கி அந்தரத்தில் நீண்டிருந்தது. கையை நேராக நீட்டி, உள்ளங்கையில் ஒரு குடத்தை ஏந்தி நிற்பதாக எண்ணிப் பாருங்கள். பாரம் முழுவதும் தோள்பட்டையில் வந்து இறங்கும். அதுபோல ஒரு முனையில் மட்டும் பிடிமானம் கொண்டு, மறுமுனை தாங்கலின்றி நீண்டு நிற்கும் அமைப்பு அது. நடுவே தூண்கள் இல்லாததால் பார்வையை எதுவும் மறைக்கவில்லை. குன்றின் காற்று தடையின்றி வீசிற்று. குளிரூட்டும் கருவிகள் எங்கும் பரவியிராத காலத்தில் வெப்ப நாட்டுக்கு ஏற்ற வடிவமைப்பாகவே அது கருதப்பட்டது. சிங்கப்பூரின் முதல் சுழல் மேடையும் அங்கேதான் அமைந்தது.

1963 ஆகஸ்ட் 8ஆம் நாள், கட்டட வேலைகள் முற்றிலும் நிறைவுறாத நிலையிலேயே, யாங் டி பெர்துவான் நெகாரா யூசோஃப் இஷாக் அரங்கைத் திறந்துவைத்தார். முதல் நிகழ்ச்சியாகத் தென்கிழக்காசியப் பண்பாட்டு விழா நடைபெற்றது. இந்த நாளில் ஒரு வியப்பு உண்டு. சிங்கப்பூர் தனிநாடாக ஆனது 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள். சரியாக இரண்டு ஆண்டுகளும் ஒரு நாளும் முன்னதாகவே ‘தேசிய’ அரங்கு திறக்கப்பட்டுவிட்டது. மலேசியா உருவாகச் சில வாரங்களே இருந்தன. பிள்ளை பிறக்குமுன்னே தொட்டில் கட்டியது போல, தேசம் பிறக்குமுன்னே தேசிய அரங்கு எழுந்து நின்றது.

நிறைந்திருந்த காலம்

அதன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த மேடை பலவற்றைக் கண்டது. ரஷ்யாவின் போல்ஷோய் பாலே கலைஞர்கள் ஆடினர். பீ ஜீஸ் இசைக் குழுவினர் பாடினர். உள்ளூர்ப் பாடகர்களும் நடனக் குழுக்களும் அதே பலகைகளில் கால் பதித்தனர். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் நடைபெற்றன. விடுதலைக்குப் பின்னர் 1966 முதல் பல ஆண்டுகள் பிரதமர் லீ குவான் இயூ தேசிய தினப் பேரணி உரையை அங்கிருந்தே ஆற்றினார். வீடமைப்பு, வேலைவாய்ப்பு, இருமொழிக் கல்வி எனப் பின்னாளில் நம் வாழ்வை மாற்றிய பல செய்திகள் மக்களின் செவிக்கு எட்டிய இடங்களுள் அவ்வரங்கும் ஒன்று.

ஒரே மேடையில் பட்டம், பாட்டு, பாலே, பிரதமர் உரை ஆகிய அனைத்தும் நிகழ்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். இதுவே அவ்வரங்கின் பெருமை. பின்னாளில் அதன் குறையாக எண்ணப்பட்டதும் இதுவே.

தளர்ச்சியின் தொடக்கம்

அரங்கு ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. அதன் தளர்ச்சிக்கான காரணங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தன.

அரங்கு திறக்கப்பட்ட அதே 1963ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்பும் தொடங்கியது. முதலில் சமூக நிலையங்களில் கூடிநின்று பார்த்த மக்கள், அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டனர். பேருந்து பிடித்து, நுழைவுச்சீட்டு வாங்கி, கூட்டத்தில் நெருங்கி அமர்ந்து பார்க்க வேண்டிய ஆடலும் பாடலும் கூடத்துக்கே வந்து சேர்ந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகளை நிரப்புவது கடினமாகும் நிலைக்கு இது வித்திட்டது.

அடுத்து, குளிரூட்டப்பட்ட மண்டபங்கள் பெருகின. 1965 அக்டோபரில் ஷென்டன் வே பகுதியில் சிங்கப்பூர் மாநாட்டு மண்டபம் திறக்கப்பட்டது. சுவரில்லாத அரங்கில் காற்று வரும். காற்றோடு மழைச்சாரலும் வரும், சாலையின் இரைச்சலும் வரும். 1963இல் வரமாகத் தோன்றிய திறந்த அமைப்பு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வசதிக்குறைவாகத் தோன்றலாயிற்று.

இசையின் தேவையும் மாறிற்று. ஒலிபெருக்கியில்லாமல் வாசிக்கப்படும் இசைக்கு மூடிய மண்டபம் வேண்டும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியே அவ்விசைக்கு உடல் தருகிறது. சுவரே இல்லாத இடத்தில் வயலினின் ஒலி காற்றோடு போய்விடும். 1979 ஜனவரியில் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு தன் முதல் நிகழ்ச்சியைப் படைத்தபோது மாநாட்டு மண்டபத்திற்குச் சென்றது. பின்னர் விக்டோரியா இசையரங்கு அதன் இல்லமாயிற்று. நாட்டின் முதன்மை இசைக்குழு தேசிய அரங்கைத் தன் இருப்பிடமாகக் கொள்ளவில்லை என்பது கருதத்தக்கது. குடியேற்ற ஆட்சியின் பழைய மண்டபம் இசைக்குப் பொருந்தியது. மக்கள் கட்டிய புதிய அரங்கு பொருந்தவில்லை.

கூரையும் சுரங்கமும்

இறுதி அடி, எவரும் பெருமையாகக் கருதிய அந்தக் கூரையிலிருந்தே வந்தது. நீட்டிய கை இருபது ஆண்டுகளில் சோர்ந்தது. அந்தரத்தில் நீண்டிருந்த எஃகுக் கூரை பாதுகாப்பானதன்று எனப் பொறியாளர்கள் கண்டறிந்தனர். அதே வேளையில், நகரின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் மத்திய விரைவுச்சாலைக்கான சுரங்கப்பாதை அப்பகுதியை அடுத்துச் செல்லவேண்டியிருந்தது. ஏற்கெனவே உறுதி குன்றிய கட்டடத்தின் அருகே நிலத்தைத் தோண்டுவதென்பது ஆபத்தை அழைப்பதாகும். 1984இல் அரங்கு மூடப்பட்டது, 1986இல் இடிக்கப்பட்டது. சுரங்கப்பாதை 1991இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

பொறியாளர்களைக் குறைகூறுவது முறையாகாது. மூவாயிரம் பேரின் தலைக்குமேல் நிற்கும் கூரையைப் பற்றி ஐயம் எழுந்தபின் எவரும் வேறு முடிவெடுக்க இயலாது. அரங்கு இடிக்கப்பட்ட அதே 1986ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து விழுந்து 33 பேர் உயிரிழந்தனர். கட்டடப் பாதுகாப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை அத்துயரம் நாட்டுக்கே உணர்த்தியது.

ஆகவே, ‘ஏன் மூடினர்’ என்னும் வினாவுக்கு விடை தெளிவானது. ‘ஏன் மீண்டும் கட்டவில்லை’ என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

அண்டை வீட்டார் இருவர்

இவ்வினாவுக்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரங்கின் அண்டையிலேயே நிற்கும் தெண்டாயுதபாணி ஆலயத்தைப் பார்த்தால் போதும்.

நகரத்தார் சமூகத்தினர் 1859இல் அமைத்த ஆலயம் அது. அந்தப் பழைய கட்டடமும் இன்று இல்லை. அதனை அகற்றிவிட்டுப் புதிதாக எழுப்பி, 1983இல் குடமுழுக்கு நடத்தினர். அதாவது, தேசிய அரங்கு மூடப்படுவதற்குச் சற்று முன்புதான் அருகிலிருந்த ஆலயம் புதுப்பொலிவு பெற்றது. இரண்டும் மக்கள் பணத்தால் எழுந்தவை. இரண்டின் பழைய கட்டடங்களும் மறைந்தன. ஒன்று மீண்டும் எழுந்தது, மற்றொன்று எழவில்லை. 2014இல் அவ்வாலயம் தேசிய நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

வேறுபாடு எங்கே உள்ளது? ஆலயத்திற்குப் பரம்பரையாகப் பொறுப்பேற்கும் ஒரு சமூகம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்தவேண்டும் என்னும் மரபும் உண்டு. குடமுழுக்கைச் சமயச் சடங்காக மட்டும் நாம் பார்க்கிறோம். சற்று ஆழ்ந்து நோக்கினால், அது ஒரு பராமரிப்புத் திட்டமும் ஆகும். விரிசலை அடைக்க வேண்டும், வண்ணம் தீட்ட வேண்டும், மரத்தை மாற்ற வேண்டும், அதற்குப் பணம் திரட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒருமுறையாவது அது நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. தந்தை கொடுத்த நன்கொடையோடு கடமை முடிவதில்லை. மகனும் கொடுக்க வேண்டும்.

தேசிய அரங்கிற்கு மக்கள் ஒருமுறை கொடுத்தனர். இரண்டாம் முறை கேட்பதற்கான மரபு எதுவும் உருவாகவில்லை. ஒரு வெள்ளி கொடுத்தவர் அது தம் அரங்கு என்று எண்ணினார். ஆனால், அதன் கூரையைப் பற்றிக் கவலைப்படும் பொறுப்பு தமக்கு உண்டென்று எண்ண எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. எல்லார்க்கும் சொந்தமான பொருள், காலப்போக்கில் எவருக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிடும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

பழமை என்பது எத்தனை ஆண்டு?

மற்றொரு காரணமும் உண்டு. பழஞ்சின்னங்களைக் காக்கும் வாரியம் 1971இல் நிறுவப்பட்டது. 1973இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட எட்டுச் சின்னங்களுள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் ஆலயமும் ஒன்று. அவ்வெட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அக்காலத்தில் மரபுடைமை என்றால் நூறாண்டுப் பழமை என்றே கருதினர். இருபது வயதான கான்கிரீட்டும் எஃகும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

தேசிய அரங்கின் சமகாலத்ததான மாநாட்டு மண்டபம் இதற்கு எதிர்ச்சான்று. அது தப்பிப் பிழைத்து, 2001இல் சிங்கப்பூர்ச் சீன இசைக்குழுவின் இல்லமாகி, 2010இல் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. விடுதலைக்காலக் கட்டடங்களும் வரலாறே என்னும் அறிவு நாட்டுக்கு வந்துசேர்ந்தபோது மாநாட்டு மண்டபம் நின்றுகொண்டிருந்தது. தேசிய அரங்கு நின்றுகொண்டிருக்கவில்லை.

அதே குன்றின் அடிவாரத்தில் மேலும் ஒரு கட்டடம் இருந்தது. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960இல் திறக்கப்பட்ட செங்கல் நிறத் தேசிய நூலகம் அது. லீ கோங் சியான் வழங்கிய 375,000 வெள்ளி நன்கொடை அது எழுவதற்குத் துணைநின்றது. அதுவும் ஒரு சுரங்கப்பாதைக்காக 2004இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதை 2007இல் திறக்கப்பட்டது. ஆனால், இம்முறை மக்கள் வாளாவிருக்கவில்லை. நாளிதழ்களிலும் மன்றங்களிலும் வாதிட்டனர். மாற்றுத் திட்டங்களை முன்வைத்தனர். கட்டடத்தைக் காக்க முடியவில்லை எனினும், ஓர் இடத்தின் மதிப்பை மக்கள் வாய்திறந்து பேசக் கற்றுக்கொண்டனர். விக்டோரியா ஸ்திரீட்டில் எழுந்த புதிய நூலகத்தில் பழைய செங்கற்கள் சில நினைவாக வைக்கப்பட்டன. ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல் வாங்கிய மக்களின் அரங்கிலிருந்தும் அவ்வாறு ஒரு வரிசைச் செங்கல்லேனும் மக்கள் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்கலாகாதா என்று மனம் ஏங்குகிறது.

அரங்கு போயிற்று, எண்ணம் போயிற்றா?

அரங்கு மறைந்த பின்னும் அதனை நடத்திய தேசிய அரங்கு அறநிதியம் சில ஆண்டுகள் தொடர்ந்து இயங்கியது. 1991இல் வேறு சில அமைப்புகளோடு அதனையும் இணைத்துத் தேசியக் கலைகள் மன்றம் உருவாக்கப்பட்டது. 2002 அக்டோபரில் மரினா கரையோரம் எஸ்பிளனேட் திறக்கப்பட்டது. அதன் இசையரங்கில் சுமார் 1,600 இருக்கைகள். நாடக அரங்கில் சுமார் 2,000 இருக்கைகள். இசைக்குத் தனி மண்டபம், நாடகத்துக்குத் தனி மண்டபம், உலகத் தரமான ஒலியமைப்பு. தேசிய அரங்கால் தரமுடியாதவை அனைத்தும் அங்கே உள்ளன. நம் இந்திய இசை, நடன, நாடகக் கலைகளுக்கெனக் ‘கலா உற்சவம்’ ஆண்டுதோறும் அங்கே நடைபெறுவது நாம் மகிழவேண்டிய செய்தி. விக்டோரியா அரங்கும் புதுப்பிக்கப்பட்டு 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆகவே கலை தளர்ந்துவிடவில்லை. தளர்ந்தது வேறொன்று. தேசிய அரங்கில் ஒரே கூரையின்கீழ் ஒரே இரவில் பல இனத்தார் ஒருவர் கலையை மற்றவர் பார்த்தனர். இன்று வசதிகள் பெருகின; ஒவ்வொருவரும் தத்தம் நிகழ்ச்சிக்குச் சென்று, தத்தம் மொழியில் கைதட்டித் திரும்புகிறோம். தமிழ் நிகழ்ச்சிக்குச் செல்லும் தமிழ்க் குடும்பம் சீனத் தெருக்கூத்தையும் மலாய் நாடகத்தையும் எத்தனை முறை பார்த்திருக்கும்? 1959இல் ராஜரத்தினத்தின் அமைச்சு தீர்க்க முனைந்த சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிட்டதெனக் கூற இயலவில்லை.

2000ஆம் ஆண்டில் தேசிய மரபுடைமைக் கழகம் அரங்கு நின்ற இடத்தை வரலாற்று இடமாக அடையாளமிட்டது. அடுத்த முறை தேங் ரோடு ஆலயத்திற்குச் செல்லும் பெற்றோர், வழிபாடு முடிந்தபின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாலையைக் கடந்து அங்கே சில நிமிடம் நில்லுங்கள். வகுப்பறையில் பல்லினப் பண்பாட்டைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், பாடநூலின் படத்தோடு நிறுத்திவிடாமல் இந்த அரங்கின் கதையையும் கூறுங்கள். ஒரு நாடு ஏழ்மையில் இருந்தபோது, அதன் மக்கள் ஒரு வெள்ளி கொடுத்து ஒரு செங்கல் வாங்கினர் என்று சொல்லுங்கள். வாங்கியதோடு பொறுப்பு முடிந்துவிட்டது என எண்ணியதால் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் தமிழ்ச் சங்கங்கள், நூலகங்கள், பள்ளி அறநிதிகள் ஆகிய அனைத்தும் எவரோ ஒருமுறை கொடுத்ததால் எழுந்தவையே. அவற்றின் கூரையை அடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.